கூட்டிப் பெருக்கிய வீடு

சீப்பு இல்லை, பல் தேய்க்கிற பிரஷ் இல்லை, தலையணை உறை இல்லை, போட்டுக் கழற்றிய அழுக்குச் சட்டை ஒன்றுகூட இல்லை என்று நேற்றே சொல்லியாயிற்று. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேறொரு பெண் வந்து அதையே கேட்கிறாள். குமுதவல்லியும் மறுபடி இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிவைத்தாள். ஒரு மனுஷன் வருஷக்கணக்காகப் படுத்து எழுந்த வீட்டில் அவன் தலைமயிர் ஒன்று அகப்படவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள். அந்தப் பெண் நம்பவில்லை, பேனாவை மூடின மூடலிலேயே அது தெரிந்தது. போகட்டும், அவளுக்கென்ன தெரியும். அவர் விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறின கையோடு குமுதவல்லி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைக் கூட்டினாள், மெத்தை விரிப்பை உருவினாள், தலையணை உறையைக் கழற்றினாள், கூடையிலிருந்த அவர் துணியெல்லாம் சேர்த்து மெஷினில் போட்டாள், பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தாள், தலைக்கும் குளித்தாள். ஊருக்குப் போனவர் போய்ச் சேர்ந்தார் என்று தெரிகிறவரைக்கும் வீட்டைக் கூட்டக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, அதெல்லாம் பிணம் புறப்பட்டுப் போன வீட்டில் செய்கிற வேலை என்று மாமியார் உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். இவளும் கேட்டுக்கொண்டேதான் கூட்டினாள். மாசத்தில் பாதி நாள் முகாம் முகாம் என்று போகிற மனுஷன் பெண்டாட்டி அதையெல்லாம் பார்த்தால் வீடு நாறிப் போகாதா. அதுவரை ஒன்றும் ஆகவில்லை, ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வந்து செருப்பைக் கோணல்மாணலாகக் கழற்றிப் போட்டுவிட்டுக் காப்பி கேட்டார். அந்த ஓட்டைப் பல் சீப்பையும் அன்றைக்குத்தான் குப்பையில் போட்டாள், அவர் இருந்தால் விடமாட்டார், இன்னும் நாலு பல் இருக்கிறதே என்பார். குப்பை வண்டி அன்றைக்கென்று பார்த்துச் சீக்கிரமே வந்தது.

பிரேத அறைக்குப் பின்பக்கம் சர்க்கார் பந்தல் போட்டிருந்தது. கல்யாண வீட்டுக்குப் போடுகிற அதே சிவப்பும் மஞ்சளும் கலந்த துணி, அவசரத்தில் வேறு கிடைத்திருக்காது. மலையிலிருந்து இறங்கி வந்த தூறல் அந்தத் துணியில் ஊறி நடுவில் தொங்கியது, ஓர் ஆள் கம்பால் அதை அடிக்கடி முட்டித் தண்ணீரை வெளியே தள்ளினான், தள்ளும்போதெல்லாம் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று. பக்கத்து நாற்காலியில் மகள் மதி. அந்தப் பக்கம் அவர் சித்தப்பா மகன் வேலாயுதம், பாவம், செய்தி கேட்ட நிமிஷத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறவன். சென்னையில் அவர் ஆபீசுக்குக்கூட அவன்தான் போய்ப் பார்த்தான். அவர் நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு போட்டிருப்பார்களே, அதில் எண்ணெய்ப் பிசுக்காவது, மயிராவது இருக்கும் என்று போனானாம். போனால் நாற்காலியில் பொறுப்பு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், புதுத் துண்டு, மடிப்புக் கலையவில்லை. பழையது எங்கே என்றால் சலவைக்குப் போய்விட்டது என்றார்களாம். இவள் ஒருத்தியைத் திட்டிப் பிரயோசனமில்லை, ஊரே கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறது. மேலே மலையில் மண் சரிந்து ஊர்கள் துண்டாகிக் கிடக்கின்றன, ரோடு இல்லை, சேதத்தைப் பார்த்து வர அதிகாரிகளை விமானப்படை விமானத்தில் அனுப்புகிறோம் என்றார்கள். நிவாரணத் துறைக்காக அவர். இவ்வளவு வயசில் முதல் தடவையாகப் பட்டாளத்து விமானம், வாயெல்லாம் பல். ஏறுவதற்கு முன்னால் போன் பண்ணி, சீட்டெல்லாம் பக்கவாட்டில் இருக்கிறது குமுதம், எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டே போகணும், இஞ்சினியர் பையன் இப்பவே வாந்தி வருகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று சிரித்தார். அப்புறம் குரலை இறக்கி, அது திரும்பி வந்ததும் பேசுவோம், நீயாக வாயைத் திறந்துவிடாதே என்றார். எதிரும் புதிருமாக உட்கார்ந்து. அப்படியானால் அவருக்கு எதிரே ஒருத்தர் முகம் இருந்திருக்கும். அந்தக் கடைசி நேரத்தில் அவர் பார்த்தது யார் முகமாக இருக்கும், அந்தப் பையனைத் தைரியம் சொல்லித் தேற்றியிருப்பாரா, அல்லது வழக்கம்போலக் கன்னத்துக்குள் நாக்கை முட்டுக் கொடுத்துக்கொண்டு மேலே பார்த்தாரா. கோபமோ பயமோ வந்தால் தில்லைநாயகத்துக்குப் பேச்சு நின்றுவிடும், நாக்கு கன்னத்தை முட்டிக்கொண்டு ஒரு பாக்கு அளவுக்குப் புடைத்து நிற்கும், கண் விட்டத்துக்குப் போய்விடும். கல்யாணமான புதிதில் பல்வலி என்று நினைத்து இவள் கிராம்பு கொடுத்தாள்.

"அம்மா, ஊசி பெருசா இருக்குமா?" என்று மதி கேட்டாள். இருக்காது என்றாள் குமுதவல்லி. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண், ஊசி என்றால் இன்னும் குழந்தைதான், போன வருஷம் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தபோதுகூட அவர் ஆபீசிலிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டால்தான் ஆயிற்று. இன்றைக்கு அவருக்காகவே எடுக்கப் போகிறார்கள். நேற்றே விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள், முகம் பார்த்து அடையாளம் சொல்கிற நிலைமை இல்லை, விமானம் மலையில் விழுந்து எல்லாம் எரிந்துவிட்டது, அதனால் பெற்றவர்கள் ரத்தம் வேண்டும், இல்லையென்றால் பெற்ற பிள்ளை ரத்தம் வேண்டும், சித்தப்பா மகன் பெரியப்பா மகன் எல்லாம் செல்லாது. வேலாயுதம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றவன் முகம் தொங்கிப் போனான். அவருக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்ததும் இல்லை. ஒத்தைக்கு ஒத்தை ஒரு மகள் இருக்கிறாளே, அது போதுமே என்று அந்த டாக்டரம்மா ஆறுதலாகச் சொன்னாள், வேலாயுதமும் ஆமாமா, அண்ணாச்சியை உரிச்சு வச்ச மாதிரி பிள்ளைல்லா என்றான். மதியைப் பற்றிச் சொந்த ஊர் குறிச்சியில் எல்லாருக்கும் அதே பேச்சுதான், நடை அப்பன் நடை, நெற்றி ஆச்சி நெற்றி, கோபம் வந்தால் கன்னம் புடைக்கிறது பார் அப்படியே அப்பன். பார்க்கிறவர்கள் பார்க்கிறதைத்தான் பார்ப்பார்கள். மதியை அவர் பெறவில்லை. குமுதவல்லியும் பெறவில்லை. இது தெரிந்தது இந்த உலகத்தில் இரண்டு பேருக்கு, இப்போது ஒருத்திக்கு.

ஒசூரில் குவார்ட்டர்ஸ், சுற்றிலும் தமிழும் தெலுங்கும் கன்னடமுமாக ஒருத்தரும் சொந்தமில்லாத ஊர். அதனால்தான் முடிந்தது. பிள்ளையில்லாமல் வருஷம் ஓடி ஓடி, ஊருக்குப் போனாலே மாமியார் முகம் பார்த்துப் பேசமாட்டாள், மாமனார் மட்டும் அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுகிற சாக்கில், எங்கிருந்தோ கொண்டுவந்து வளர்க்கிற பிள்ளை எனக்குக் கொள்ளி வைக்கிற பேரன் ஆகுமா என்று காதில் விழச் சொல்வார். அந்த வீட்டுக்குள் தத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை என்ன பாடுபடும் என்று தில்லைநாயகம்தான் யோசித்தார். சட்டப்படி எல்லாம் செய்தார், சர்க்கார் மனுஷன் அதில் ஒரு குறை வைக்கமாட்டார், ஊருக்கு மட்டும் குமுதம் முழுகாமல் இருக்கிறாள் என்று எழுதிப் போட்டுவிட்டார். டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், பிரயாணம் கூடவே கூடாது என்று இன்னொரு கடிதம். வளைகாப்புக்கு நாங்கள் வருகிறோம் என்று மாமியார் கிளம்பினாளே, அன்றைக்கு இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இங்கே அம்மை போட்டிருக்கிறது என்று தந்தி மாதிரி ஒரு போன். மாமியார் விடவில்லை, கண்ணாடி வளையலைப் பஞ்சில் பொதிந்து பார்சல் அனுப்பினாள், பாதிக்கு மேல் உடைந்து வந்தது. மிச்சத்தை அவர் எடுத்து, இவளை உட்காரவைத்துக் கையில் ஒவ்வொன்றாகப் போட்டார். ஆம்பிளை வளைகாப்பு நடத்தின வீடு நம்ம வீடு ஒன்றுதான் குமுதம் என்று அவர் சிரிக்க, இவளும் சிரிக்க, சிரித்துச் சிரித்து இவள் அழுதுவிட்டாள். அவர் வளையல் அடுக்கின கையைத் தூக்கிக் காதோரம் வைத்துக்கொண்டு, யாரோ வருகிறார்கள், சத்தம் கேட்கிறது என்றார். பஞ்சு மாதிரி ஒரு பிள்ளையை அடுத்த மாசம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எத்தனை பொய், எல்லாம் ருசியான பொய். இப்போது மாமனார் இல்லை, மாமியார் இல்லை, யாருக்குப் பயந்தோமோ அவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், பயம் மட்டும் போகவில்லை. போன வாரம் மதி கேட்டாள், நான் வயிற்றில் இருக்கும்போது எடுத்த போட்டோ ஒன்றுகூட ஏம்மா இல்லை என்று. அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றாள் இவள் அவரிடம். அவர் கன்னம் புடைத்தது, கண் விட்டத்துக்குப் போனது. அப்புறம், சொல்லலாம், ஆனால் நான் பக்கத்தில் இருக்கணும், அவள் என் முகத்தைப் பார்க்கணும், பார்த்தால் புரிந்துகொள்வாள், நீ தனியாகச் சொல்லவே கூடாது என்று கையை நீட்டினார். இவளும் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவள் பார்ப்பதற்கு அந்த முகம் இப்போது எங்கே இருக்கிறது.

இப்போது ரத்தம் கொடுத்தால் என்ன ஆகும். கொண்டுபோவார்கள், பார்ப்பார்கள், ஒத்துப்போகவில்லை என்று வரும். இவளிடம் மட்டுமா வரும், அவர் துறைதான் இதையெல்லாம் கவனிக்கிறது, அவர் கையெழுத்துக்குக் காத்து நின்றவர்கள்தான் முதலில் படிப்பார்கள். தில்லைநாயகம் சார் மகள் அவர் மகளே இல்லையாம். அப்புறம் தத்து கித்து என்றெல்லாம் ஒருத்தனும் நினைக்கப் போவதில்லை, நினைக்கிற முதல் நினைப்பு என்ன என்று இவளுக்குத் தெரியாதா. வளைகாப்புக்கு வராதே என்று தடுத்தாளே, இப்போதல்லவா புரிகிறது என்று குறிச்சியில் பேசுவார்கள். பேசட்டும், நாறட்டும், இவளுக்கு அது பெரிசில்லை. கோர்ட்டுக் காகிதம் பீரோவில் இருக்கிறது, எடுத்து முகத்தில் எறியலாம். எறிந்தால் மதி படிப்பாள். அப்பா போய் ஒரு வாரம் ஆவதற்குள் இன்னொரு தடவை அப்பா போவார். சரி, அந்த டாக்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னால். சொல்லி என்ன, அதற்குப் பதிலாக வேறு யார் ரத்தம் இருக்கிறது கொடுக்க. உண்மையைச் சொன்னாலும் அவர் கிடைக்கமாட்டார், பொய் சொன்னாலும் கிடைக்கமாட்டார். இவள் மனசு இந்த இடத்துக்கு வந்து வந்து முட்டியது, முட்டிவிட்டுத் திரும்பிச் சீப்புக்குப் போனது, அந்த நாலு பல் சீப்பை வைத்திருந்தால் போதுமே, ஒரு நாள் கழித்துக் கூட்டியிருந்தால் போதுமே, மாமியார் பேச்சை வாழ்நாளில் ஒரு தடவை கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும். இன்று விடியற்காலையில்தான் ஒரு வழி தோன்றியது. ஒன்றும் கொடுக்காமல் சும்மா இருந்துவிடுவது. மற்றவர்கள் எல்லாம் கொடுப்பார்கள், ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டார் அடையாளம் கண்டு எடுத்துப் போவார்கள், கடைசியில் ஒருத்தர் மிஞ்சுவார் அல்லவா, கேட்பாரில்லாமல் மிஞ்சுகிறவர் இவர்தான். பந்தியிலும் அவர் அப்படித்தானே, எல்லாரும் எழுந்த பிறகு பாயசம் தீர்ந்த இலையில் உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு வருவார், லிப்டில்கூட எல்லாரையும் ஏற்றிவிட்டு நிற்பார். மிஞ்சட்டும். ஊசிக்குப் பயப்படுகிறாள், காய்ச்சல் வருகிறது என்று ஏதாவது சொல்லி நாளைத் தள்ளிவிட்டால் மிஞ்சினவரை இவள் கூட்டிக்கொண்டு போய்விடலாம். இந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் பல் தேய்த்தாள், மதிக்குத் தலை பின்னிவிட்டாள், வேலாயுதம் வாங்கிவந்த இட்லியில் பாதியைத் தின்றாள்.

முன்வரிசையில் அந்த இஞ்சினியர் பையனின் அப்பா உட்கார்ந்திருந்தார், ரிட்டயரான வாத்தியார், வெள்ளை வேட்டியில் சேறு தெறித்திருந்தது, தெறித்தது அவருக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா வெளியே வந்ததும் எழுந்து போய், ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா, காலை மட்டுமாவது காட்டுங்கள், பெருவிரல் அவனுக்குக் கொஞ்சம் வளைந்திருக்கும், நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று கேட்டார். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு, பொய் சொல்ல இன்னும் பழகவில்லை. அவர் தோளைத் தொட்டுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் பந்தலில் மழைச் சத்தம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. ஆள் ஆளாக இல்லை ஐயா, அப்படி நினைத்துக்கொண்டு உள்ளே வராதீர்கள், கிடைத்ததையெல்லாம் தனித்தனிப் பையில் வைத்திருக்கிறோம், எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும், ஒத்துப்போகிறதை உங்களிடம் கொடுப்போம், யாரோடும் சேராததை எல்லாம் மொத்தமாக மலைமேலேயே அடக்கம் செய்துவிடச் சொல்லி உத்தரவு. வாத்தியார் சரிம்மா என்றார், பரீட்சையில் பதில் சரியாகச் சொன்ன பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சரிம்மா சரிம்மா என்று இரண்டு தடவை சொன்னார், அப்புறம் தன் நாற்காலி எது என்று தெரியாமல் நின்றார். குமுதவல்லி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அப்படியானால் மிஞ்சுகிறவர் என்று ஒருத்தர் இல்லை. கடைசிப் பந்தியில் உட்கார ஆள் இல்லை. யாரோடும் சேராதது என்றாளே, அதுதான் அவர், பேர் தெரியாத மற்றவர்களுடைய மிச்சத்தோடு மிச்சமாக, மொத்தமாக, மலைமேல். கிழக்கே தலைவைத்துத்தான் படுப்பார், தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு இல்லாவிட்டால் தூக்கம் வராது. கம்பு வைத்திருந்த ஆள் பந்தல் துணியை முட்டினான், தண்ணீர் கொட்டியது, இந்தத் தடவை இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தில்லைநாயகம் சார் வீட்டுக்காரர்கள் வாருங்கள் என்றார்கள். வேலாயுதம் எழுந்தான், மதி எழுந்தாள், எழுந்து துப்பட்டாவை ஒதுக்கிச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தானே சுருட்டிக்கொண்டாள். உள்ளே ஒரு மேஜை, மேஜைமேல் பஞ்சு, டாக்டரம்மா, பக்கத்தில் அவர் ஆபீஸ் ஆள் ஒருவர் தலைகுனிந்து நின்றார். சின்னப் பெண்ணாக இருப்பதால் அம்மா சம்மதம் வேண்டும், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவை நீட்டினார்கள். குமுதவல்லி பேனாவை வாங்கிக்கொண்டாள். மதி நாற்காலியில் உட்கார்ந்து கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்தாள், மற்றக் கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முன்பு அவர் பிடித்துக்கொள்கிற இடம் அது.

"பயமாத்தான் இருக்கும்மா. ஆனா அப்பாவுக்குக் குடுக்க என்கிட்ட இது ஒண்ணுதானே இருக்கு" என்றாள் மதி.

ஐயோ, என் தங்கமே, உன்னிடம் எல்லாம் இருக்கிறது, இது ஒன்றுதான் இல்லை என்று குமுதவல்லியின் நெஞ்சுக்குள் ஒரு குரல் ஓலமிட்டது. நல்ல வேளை, அது வெளியே வரவில்லை. பேனாவை மேஜைமேல் வைத்தாள். கொடுத்தால் இந்தப் பிள்ளைக்கு அப்பாவும் இல்லாமல் போகும், உடம்பும் கிடைக்காது. கொடுக்காவிட்டால் உடம்பு மட்டும்தான் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அவரிடம் கேட்டிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்லியிருப்பார், எல்லாரையும் ஏற்றிவிட்டு நிற்கிற மனுஷன்தானே. ஆனாலும் வாய் திறப்பதற்குள் இவளுக்கு அவரோடு வாழ்ந்த இருபத்தைந்து வருஷம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"ரத்தம் எடுக்க வேண்டாம். எங்களுக்கு உடம்பு வேண்டாம். எல்லாரோடும் சேர்த்தே அடக்கம் பண்ணிடுங்க."

மதினி, என்ன பேசுதிய, புத்தி கலங்கிப் போச்சா, அண்ணாச்சியை அநாதைப் பிணம் மாதிரி மலையில விட்டுட்டுப் போகவா இம்புட்டு தூரம் வந்தோம் என்று வேலாயுதம் கையைப் பிசைந்தான். ஆபீஸ் ஆள் நிமிர்ந்து பார்த்தார். டாக்டரம்மா நிதானமாகச் சொல்லிப் பார்த்தாள், வலிக்காது அம்மா, ஒரு நிமிஷ வேலை, அப்புறம் வருத்தப்படுவீர்கள். குமுதவல்லி எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை, அழுதால் யாராவது அணைத்துக்கொண்டு ஏன் என்று கேட்பார்கள். கல்நெஞ்சுக்காரி என்று இந்தக் கதை குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், போகட்டும், அது ஒரு கௌரவமான கதை.

மதி நீட்டின கையை எடுக்காமலே இவளைப் பார்த்தாள். "அப்பா வேண்டாமாம்மா உனக்கு?"

"வேண்டாம்" என்றாள் குமுதவல்லி.

மதி எழுந்தாள். சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டாள். வெளியே வந்தும் அம்மா பக்கத்து நாற்காலிக்கு வரவில்லை, பந்தலின் அந்தக் கோடிக்குப் போய் வாத்தியாருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலாயுதம் பின்னாலேயே போய்த் தண்ணீர் நீட்டினான், வாங்கவில்லை. இனிமேல் இந்தப் பிள்ளை இவளோடு எப்போது பேசும், பேசுமோ பேசாதோ, பேசினாலும் இந்த ஒரு வார்த்தையைச் சாகிறவரை மறக்கப் போவதில்லை. குமுதவல்லி வெளியே வந்து தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து அவளைப் பார்த்தாள். மதியின் இடது கன்னத்தில் நாக்கு முட்டிக்கொண்டு பாக்கு அளவுக்குப் புடைத்து நின்றது. கண் மேலே, ஒழுகுகிற பந்தல் துணிக்குப் போயிருந்தது.